கல்லில் வெட்டிய திகதி

பன்னிரண்டாம் அத்தியாயம்

புளோரன்சிலிருந்து மெல்பேணுக்குத் திரும்பி மூன்று கிழமையாகிவிட்டது. அரியரத்தினம் அந்த ஊரின் பெயரை இன்னும் ஒரு தடவைகூட வாயால் சொல்லவில்லை.

டண்டினொங் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் எஞ்சினியர்மார் பயணம் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். லண்டனில் தன் தங்கச்சியின் கலியாணம் நல்லபடியாக நடந்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வரும் வழியில் இத்தாலியில் நான்கு நாள் நின்றதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த நான்கு நாளுக்காகச் சத்தியபாமா பத்து வருடம் காத்திருந்தவள்.

யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்தவள் அவள். புத்தகங்களில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்த சுவரோவியங்களை ஒருநாள் நிறத்தோடு பார்த்துவிட வேண்டும் என்று கலியாணமான நாளிலிருந்து கேட்டு வந்தாள். "பாப்பம், பாப்பம்" என்று தட்டிக் கழித்து வந்த மனுசன் இந்த ஆனி மாதம் எப்படியோ ஒத்துக்கொண்டார்.

போன நேரம் அந்த நகரத்தின் பெரிய திருநாள். வெல்வெட் உடுப்பும் இறகு வைத்த தொப்பியுமாக ஊர்வலம் போனது. மணல் கொட்டிய சதுக்கத்தில் நாலு பேட்டை ஆட்களும் நானூறு வருடத்துக்கு முந்தைய வேடத்தில் பந்துக்காக உருண்டு பிரண்டார்கள். எட்டு வயது ராதா உப்பில்லாத பாண் ரொட்டியைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். சத்தியபாமா ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் நின்று நின்று, கழுத்து நோகும் வரை பார்த்தாள்.

தெருமூலைகளில், ஆள் உயரத்துக்கும் மேலே, சின்னச் சின்னச் சலவைக்கற்கள் பதித்திருந்தார்கள். 1966 நவம்பர் நாலாம் திகதி ஆறு பெருகி இந்த உயரத்துக்கு வந்தது என்பதற்கு அடையாளம். அப்படி ஒரு கல் கண்ணில் படும்போதெல்லாம் அரியரத்தினம் வீதியைக் கடந்து மற்றப் பக்கத்தால் நடந்தார். அவள் அதைக் கவனித்தாள். வெயிலுக்காக்கும் என்று நினைத்தாள்.

கடைசி நாள், ஆற்றுக்குத் தென்கரையில் ஒரு பழைய துறவிகள் மடத்துக் கோயிலில், தேவதூதன் மரியாளிடம் வரும் மங்கள வார்த்தை ஓவியம் ஒன்று கூட்டமில்லாமல் இருப்பதாகக் கைநூலில் போட்டிருந்தது. சந்து முனை வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"நீரும் பிள்ளையும் பாத்திட்டு வாருங்கோ. நான் இஞ்ச நிக்கிறன்."

உள்ளே கும்மிருட்டு. சுவரில் இருந்த பெட்டியில் காசு போட்டால் ஒரு நிமிடத்துக்கு விளக்கு எரியும். தேவதூதனின் செட்டையையும் மரியாளின் நீல முக்காட்டையும் அவள் கண் நிறையப் பார்த்து முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது. இருட்டில் யாரோ பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. ஈரமும் எண்ணெயும் கலந்த மணம். திரும்பினாள். ராதாவைத் தவிர ஒருவருமில்லை. கையில் வேறு சில்லறை இல்லாததால், இருட்டிலேயே பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு விறுவிறென்று வெளியே வந்துவிட்டாள்.

சந்து முனையில் அரியரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

அந்தப் படம் இன்றைக்குத்தான் கழுவி வந்தது.

*

சனிக்கிழமை. ஆடி மாதத்து மெல்பேண் குளிர் எலும்பைத் துளைத்தது. அரியரத்தினம் அரைநாள் வேலைக்குப் போயிருந்தார். தாயும் மகளும் பஸ்ஸில் போய் மருந்துக்கடையில் படங்களை வாங்கி வந்தார்கள். குசினி மேசையில் உறையைப் பிரித்துக் கொட்டியது ராதாதான்.

"மம்மி, இதில டாடி ஹாஃப்தான் இருக்கிறார்."

"உன்ர அப்பா படத்துக்கு நிண்டாத்தானே."

கதிரையில் இருந்து தேநீர் குடித்தபடி சத்தியபாமா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிளாஷ் போட்ட படம் சரிவரவில்லை. தேவதூதனின் முகத்தில் வெள்ளையாக ஒரு பெரிய பொட்டு. அதை ஒரு பக்கத்தில் வைத்தாள்.

ராதா அதை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"மம்மி, லுக். இதில மாமான்ர பேர் இருக்கு."

"எந்த மாமா?"

"தி ஒன் ஆன் த ஷெல்ஃப்."

தட்டில் சட்டம் போட்ட படமாக இருப்பது ஒரே ஒரு மாமாதான். சத்தியபாமாவின் அண்ணன் கணேசலிங்கம். லண்டனில் கணக்காளர் பரீட்சைக்குப் படிக்கப் போய், இருபத்துநாலு வயதில் காய்ச்சலில் இறந்துபோனவன்.

"விசர்க் கதை கதையாதை."

"நோ, சீ. ஜீ, ஏ, என், ஈ..."

பிள்ளை எழுத்தெழுத்தாக வாசிக்க வாசிக்க, சத்தியபாமா கையில் இருந்த கோப்பையை மெல்ல மேசையில் வைத்தாள். படத்தை வாங்கினாள். ஓவியத்துக்குக் கீழே, சுவரில், ஒரு புத்தகம் அளவில் ஒரு கல். பிளாஷ் வெளிச்சம் அதன் மேலும் விழுந்திருந்தது. அரியரத்தினம் வரைபடம் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள்.

கணேசலிங்கம். சிலோன். 1942. பிறகு ஒரு கோடு. பிறகு, 19 நவம்பர் 1966. மேலே நாலு வரி இத்தாலியன்.

அவள் கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் படத்தோடு பின்கதவால் இறங்கினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அசுந்தா திராட்சைக் கொடியை வெட்டிக்கொண்டிருந்தாள். அறுபது வயது. இத்தாலியிலிருந்து வந்து இருபத்தைந்து வருடமாகியும் இங்கிலீசு அரைகுறை. இவர்கள் குடிவந்த முதல் கிழமையே ஒரு பெட்டி தக்காளியோடு வாசலில் வந்து நின்றவள்.

"இதை எனக்கு வாசித்துச் சொல்லு" என்றாள் சத்தியபாமா இங்கிலீசில்.

அசுந்தா கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டாள். உதடுகள் அசைந்தன. வாசித்து முடித்ததும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள்.

"கடல் தாண்டி வந்தவர் என்று இருக்கிறது. எங்கள் புத்தகங்களைச் சேற்றிலிருந்து தூக்கி எடுத்தவர். இந்தக் கோயிலின் கீழ் அறையில் உயிரை விட்டவர். இந்த மடத்துச் சகோதரர்கள் அவரை மறக்கவில்லை." அவள் நிமிர்ந்தாள். "உனக்குத் தெரிந்த ஆளா?"

"என் அண்ணன்."

அசுந்தா வேலிக்கு மேலால் அவள் கையைப் பிடித்தாள். "பிள்ளையை இங்கே அனுப்பு. நான் சாப்பாடு கொடுக்கிறேன்" என்றாள்.

*

ராதா போனபிறகு வீட்டில் குளிர்ப்பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

லண்டனிலிருந்து தந்தி வந்த நாள் அவளுக்கு நேற்றுப்போல் இருந்தது. நவம்பர் இருபத்தெட்டு. நெஞ்சில் சளி கட்டி இன்று ஆஸ்பத்திரியில் காலமானான் என்று அடித்திருந்தது அண்ணனின் அறைத்தோழன் அரியரத்தினம். அந்த நாளுக்குப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த திதியில்தான் இந்தப் பத்து வருடமும் திவசம். கோயிலும் ஐயருமில்லாத இந்த ஊரிலும் அவள் விட்டதில்லை. அண்ணனுக்குப் பிடித்த கறிகள் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, கண்ணை மூடி நிற்பாள்.

கல்லில் இருப்பது பத்தொன்பது.

அப்படியானால் ஒன்பது நாள் பிந்தி. ஒவ்வொரு வருடமும் அண்ணன் வந்து பார்த்திருப்பான். இலை போட்டிருக்காது. ஒருவரும் அவனை நினைத்திருக்கமாட்டார்கள். திரும்பிப் போயிருப்பான். அவள் படைக்கிற நாளில் அவன் எங்கேயோ.

அந்த நினைப்பு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்தாள். அப்படியே இருந்தவளுக்கு, சட்டென்று வேறொன்று உறைத்தது.

காயிதம்.

அலுமாரியின் கீழ்த்தட்டில், கூறைச்சேலைக்கு அடியில், நீல நிற விமானக் காயிதம் ஒன்று இருந்தது. அண்ணனின் கடைசிக் காயிதம். தந்தி வந்து இரண்டு நாளுக்குப் பிறகு வந்து சேர்ந்து, வீட்டையே குழறி அழ வைத்த காயிதம். கையில் வெட்டுக்காயம், நான் சொல்லச் சொல்ல அரியம் எழுதுகிறான் என்று தொடங்கும். சுகம் விசாரித்துவிட்டு, கடைசியில், "பாமாவுக்கு அரியத்தைப் போல ஒருவன் கிடைத்தால் எனக்கு அதைவிட நிம்மதி இல்லை" என்று முடியும்.

அந்த ஒரு வரியை ஐயா மகனின் கடைசி ஆசை என்று எடுத்துக்கொண்டார். அப்போது அவளுக்குச் சென்னையில் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு அரியரத்தினம் லண்டனிலிருந்து வந்தார். தாலி ஏறியது. அவளும் மறுக்கவில்லை. அண்ணன் சொன்ன வார்த்தை.

காயிதத்தை விரித்தாள். மேல் மூலையில் திகதி இருந்தது. நூறு தடவை பார்த்த திகதி.

24.11.66.

*

இரண்டு மணிக்கு வாசற்கதவு திறந்தது.

"பாமா, மழை வரப்போகுது, உடுப்பெல்லாம் வெளியில..." என்று சொல்லிக்கொண்டே குசினிக்குள் வந்த அரியரத்தினம், மேசையைப் பார்த்ததும் நின்றார். படமும் பூதக்கண்ணாடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"அண்ணா எங்க செத்தவர்?" என்று கேட்டாள் அவள்.

அவர் பூதக்கண்ணாடியை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"லண்டன் எண்டு தந்தி அடிச்சது நீங்கள். கடைசி மூச்சு மட்டும் பக்கத்தில இருந்தனான் எண்டு ஐயாவுக்கு எழுதினதும் நீங்கள்."

"பக்கத்தில இருந்தனான்" என்றார் அவர். "அது பொய்யில்லை."

பிறகு சொன்னார். கண்ணை மேசையிலிருந்து எடுக்காமல், யாரோ வேறொருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

அந்த நவம்பரில், புளோரன்சில் வெள்ளம் வந்து புத்தகங்களும் படங்களும் சேற்றில் கிடக்கின்றன, கைகொடுக்க ஆட்கள் தேவை என்று லண்டன் மாணவர் விடுதியில் செய்தி வந்தது. இளம் பெடியங்கள். ஒரு வான் வண்டியில் இடமிருந்தது. கணேசலிங்கத்துக்குப் பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. மாட்டேன் என்றான். "ஒரு கிழமையில வந்திடலாம், வாடா" என்று இழுத்துக்கொண்டு போனது அரியரத்தினம்.

"ஐயா கடன் பட்டு அனுப்பின பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். அதை எந்த முகத்தோட எழுதிறது?"

அந்த மடத்தின் கீழ் அறை முழுக்கச் சேறு. சேற்றோடு, கட்டடத்தைச் சூடாக்க வைத்திருந்த தொட்டி உடைந்து கலந்த எண்ணெய். படியில் வரிசையாக நின்று கைமாறிக் கைமாறிப் புத்தகங்களை மேலே அனுப்பினார்கள். ஒவ்வொருவராக முறை வைத்துக் கீழே இறங்கினார்கள். கால் மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது, காற்றில் நஞ்சு என்று சொல்லியிருந்தார்கள். பத்தொன்பதாம் திகதி பின்னேரம் இறங்கிய கணேசலிங்கம் ஏறி வரவில்லை. இவர் இறங்கி இழுத்து வந்தபோது மூச்சு இல்லை.

"கையில ஒரு புத்தகம். அதை விரலுக்குள்ள இருந்து எடுக்க ஏலாமல் போச்சு, பாமா."

மண்ணெண்ணெய் அடுப்பு இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஒவ்வொரு குளிருக்கும் அவர் ஏன் ஒற்றைக்காலில் நின்றார் என்பது அவளுக்கு இப்போது விளங்கியது. இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின் மேலேயே கோபமும் வந்தது. நீலக் காயிதத்தை அவருக்கு முன்னால் வைத்தாள்.

"செத்து அஞ்சு நாளைக்குப் பிறகு அண்ணா உங்களுக்குச் சொல்லிச் சொல்லி எழுதுவிச்சவரோ?"

அரியரத்தினம் காயிதத்தைத் தொடவில்லை. வெளியில் மழை பிடித்துவிட்டது. கொடியில் உடுப்பு நனைந்தது. இருவரும் எழும்பவில்லை.

"செத்துப்போனான் எண்டு எழுதத்தான் இருந்தனான்" என்றார் கடைசியில். "லண்டனுக்கு வந்து, எங்கட அறையில. நீர் அனுப்பின சித்திரமெல்லாம் சுவரில ஒட்டியிருந்தவன். மல்லிகைப் பந்தல் ஒண்டு, கிணத்தடி ஒண்டு. உம்மட காயிதம் வந்தால் எனக்குத்தான் முதல் வாசிச்சுக் காட்டுவான். உமக்கு என்னைத் தெரியாது. எனக்கு உம்மைத் தெரியும். அதுகளைப் பாத்துக்கொண்டு இருக்க, செத்துப்போனான் எண்டு எழுதக் கை வரேல்லை. கையில காயம் எண்டு எழுதிப் போட்டன். எழுதின உடன அவன் உயிரோட இருக்கிற மாதிரி இருந்துது. பேந்து நிப்பாட்ட ஏலாமல் போச்சு."

"கடைசி வரி?"

"அது அவன் சொன்னது."

"எப்ப?"

"சாகிறதுக்கு முதல் நாள். படியில இருந்து பாண் சாப்பிடேக்க. எங்களோட வேலை செய்த மார்த்தா எண்ட பிள்ளையும் இருந்தவள். அவளுக்காக இங்கிலீசிலதான் கதைச்சனாங்கள். 'என்ர தங்கச்சியை இவன் கட்டினால் எனக்குக் கவலை இல்லை' எண்டு சொல்லிச் சிரிச்சவன்."

"பகிடியோ, உண்மையோ?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பத்து வருடமாக யோசித்ததைத்தான் இன்னொரு தடவை யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"தெரியாது" என்றார்.

சத்தியபாமா எழுந்து ஜன்னலடியில் போய் நின்றாள்.

"நான் உங்களைக் கட்டேல்லை" என்றாள் திரும்பாமல். "இந்தக் காயிதத்தைத்தான் கட்டினனான்."

"பாமா..."

"பத்து வருசம் பிழையான நாளில சோறு படைச்சனான். அதையாவது சொல்லியிருக்கலாமே? ஒருக்கால், ஏதோ சாட்டுச் சொல்லி, இந்தத் திதி இல்லை அந்தத் திதி எண்டாவது?"

"நவம்பர் பத்தொன்பது நான் ஒரு வருசமும் வேலைக்குப் போனதில்லை" என்றார் அவர். "உமக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டு போய்க் கடற்கரையில இருப்பன். நீர் கட்டித் தந்த சோத்தில பாதியை அவனுக்கு எண்டு தண்ணியில விடுவன். போன மாசம் அந்தச் சந்தில நிக்கேக்க, கோயில் வாசல்ல அவன் நிண்டவன், பாமா. சேறும் உடம்புமாய். உங்கள் ரெண்டு பேரையும் உள்ளுக்கு விட்டிட்டு என்னைப் பாத்தவன். ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது."

இருட்டில் பின்னால் வந்து நின்ற அந்த மணத்தைப் பற்றி அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

படத்தையும் காயிதத்தையும் எடுத்துக்கொண்டாள். மழையோடு மழையாகப் பின்கதவால் இறங்கிப் போய்விட்டாள்.

*

அசுந்தாவின் குசினியில் ராதா பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். சத்தியபாமாவின் தலையைத் துவாயால் துடைத்துவிட்டது அசுந்தாதான்.

"எனக்கு இத்தாலியனில் ஒரு கடிதம் எழுத வேண்டும்" என்றாள் சத்தியபாமா. "அந்த மடத்துக்கு. மார்த்தா என்று ஒரு பெண். பத்து வருடத்துக்கு முதல் அங்கே வேலை செய்தவள். அவளைத் தேடிக் கொடுக்கச் சொல்லி."

அசுந்தா தாளும் பேனையும் கொண்டு வந்தாள். எழுத்துக்கூட்டி எழுதுகிறவள். நாக்கைப் பல்லுக்குள் கடித்தபடி முதல் வரியை எழுதி முடித்தாள்.

"மார்த்தாவிடம் என்ன கேட்க வேண்டும்?"

"நான் கணேசலிங்கத்தின் தங்கை என்று எழுது. கடைசிக்கு முதல் நாள், படியில் இருந்து சாப்பிடும்போது, அண்ணா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேள். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேள்."

பேனை ஊர்ந்தது. அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது.

அரியரத்தினம் நின்றார். குடை இல்லை. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வரச் சொல்லி அசுந்தா கையசைத்தும் அவர் படியைத் தாண்டவில்லை.

"மடத்துக்கு எழுதத் தேவையில்லை" என்றார் தமிழில். "மார்த்தான்ர விலாசம் என்னட்டை இருக்கு. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வேலைத்தலத்துக்குக் கார்ட் போடுறவள். இஞ்ச வந்தவுடன விலாசம் மட்டும் அனுப்பினனான், அதுக்குப் பிறகு ஒண்டுக்கும் பதில் போடேல்லை."

வீட்டு இலக்கமும் தெருவும் பார்க்காமல் சொன்னார். இத்தாலியன் பெயர்கள் அவர் வாயில் தடங்கலில்லாமல் வந்தன. அசுந்தா ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தபடி உறையில் எழுதிக்கொண்டாள்.

"அவளிட்டை இன்னொண்டும் கேக்கச் சொல்லும், பாமா."

"என்ன?"

அவர் ராதாவைப் பார்த்தார். பிள்ளை பூனையின் வாலோடு இருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"அண்டைக்குப் பின்னேரம் கீழ இறங்கிற முறை ஆருடையது எண்டு கேக்கச் சொல்லும்."

மழை தகரக் கூரையில் கொட்டியது.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் அசுந்தா, பேனையைத் தாளுக்கு மேல் பிடித்தபடி.

சத்தியபாமா கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருடம் எதிரில் இருந்து சாப்பிட்ட முகம். அது இப்போது அவளிடம் எதையும் கேட்கவில்லை.

"எழுதட்டோ?" என்றாள்.

"எழுதச் சொல்லும்."

அவள் அசுந்தாவின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக, இங்கிலீசில் சொன்னாள். அவர் வாசலிலேயே நின்று அது எழுதி முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.